இரட்டைப் பரிமாண எல்சி-யில் ஓட்டத்தைக் கட்டுக்குள் வைப்பது எப்படி: காரைக்குடி ஆய்வக மேசையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

போன சித்திரையில் ஒரு மத்தியானம். கலவையைத் திரவ ஓட்டத்தில் பிரித்துக் காட்டும் எங்கள் இரட்டைப் பரிமாண எல்சி (லிக்விட் குரோமட்டோகிராஃபி) கருவியின் முதல் பக்கத்து ஃபிட்டிங் ஒன்றின் அடியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி டிஷ்யூவால் துடைத்துவிட்டு, "ஒரு சொட்டுதானேண்ணே, அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். ஒரு சொட்டு ஏறக்குறைய 50 மைக்ரோ லிட்டர். அன்று அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்ததும் நிமிடத்துக்கு 50 மைக்ரோ லிட்டர்தான். அவன் துடைத்துப் போட்டது முழுசாக ஒரு நிமிடத்து ஓட்டம். மறுமுனையில் இரண்டாவது பம்ப் நிமிடத்துக்கு 2 மி.லி. தள்ளிக்கொண்டிருந்தது. அங்கே அதே சொட்டு ஒன்றரை வினாடிக் கணக்கு.

இந்தக் கருவியின் குணம் மொத்தமும் இந்தச் சொட்டில் இருக்கிறது. ஒன்றுக்கொன்று நாற்பது மடங்கு வேக வித்தியாசம் உள்ள இரண்டு ஓட்டங்கள் ஒரு வால்வில் சந்திக்கின்றன. நேரத்தை வைத்து யோசித்தால் தலை சுற்றும். கொள்ளளவை வைத்து யோசித்தால் எல்லாம் பிடிபடும். பம்பில் எண்ணை மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு இது வசப்படுவதில்லை. குழாய்க்குள் எத்தனை மைக்ரோ லிட்டர் நிற்கிறது என்று எழுதிவைப்பவர்களுக்கு வசப்படுகிறது.

ஒரு சொல் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சேர்மங்களைப் பிரிக்கும், துகள் அடைத்த குழாயை (column) ஆய்வகத்தில் எல்லாரும் 'காலம்' என்றுதான் சொல்கிறோம். எழுத்தில் அது நேரத்தோடு குழம்பும். அதனால் இங்கே 'பத்தி' என்று எழுதுகிறேன்.

எதற்கு இந்த வம்பு

எங்கள் பக்கத்துச் சமையலுக்கு வாசம் கொடுக்கும் கல்பாசியை மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, ஒரே பத்தி உள்ள சாதாரண எல்சி கருவியில் (எச்பிஎல்சி) ஏற்றிப் பாருங்கள். டிடெக்டர் வரையும் கோட்டில் ஒவ்வொரு சேர்மத்துக்கும் எழும் முகடுகள், அதாவது பீக்குகள், ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். கல்பாசி ஒரு லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் அதன் உடம்பில், ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கிற சேர்மங்கள் நிறைய. ஒரு பத்தியால் பிரிக்க முடியாததை, வேறு குணமுள்ள இன்னொரு பத்திக்கு அனுப்பிப் பிரிப்பதுதான் இரட்டைப் பரிமாண முறை. முதல் பத்தி மெதுவாக ஓடும். அதிலிருந்து வருவதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் இரண்டாவது பத்தியில் சில வினாடிகளில் ஓட்டி முடிக்க வேண்டும், அடுத்த துண்டு வந்து நிற்பதற்குள்.

இரண்டு பத்திகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விதத்தில் பிரித்தால், ஒவ்வொன்றும் எத்தனை பீக்குக்கு இடம் கொடுக்குமோ அந்த எண்கள் ஒன்றோடொன்று பெருகும் என்று வேதியியலாளர் கிட்டிங்ஸ் 1984-இல் எழுதினார். 50-க்கும் 20-க்கும் இடமிருந்தால் 1000. நடைமுறையில் அந்த அளவு ஒருநாளும் வராது. பாதி வந்தாலே கையெடுத்துக் கும்பிடலாம்.

நேரடியாக இணைத்த இரட்டைப் பத்தி முறையை 1978-இலேயே ஏர்னி, ஃப்ரெய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எட்டு வழி வால்வை வைத்துச் செய்து காட்டினார்கள். எடுத்துக்கொண்ட சரக்கு சென்னா செடியின் சாறு. நம் ஊர் நாட்டுமருந்துக் கடையில் நிலவாகை என்று கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்களே, அந்த வகை. உலகச் சந்தையில் அதற்குத் திருநெல்வேலி பெயரே உண்டு.

முதல் படி: காகிதத்தில் ஓட்டப் பாதையை வரையுங்கள்

கருவியைத் தொடும் முன் ஏ-4 தாளில் பம்ப், மிக்சர், இன்ஜெக்டர், முதல் பத்தி, வால்வ், இரண்டு லூப் (துண்டைப் பிடித்துவைக்கும் குழாய்கள்; ஒன்று நிரம்பும்போது மற்றது காலியாகும்), இரண்டாவது பம்ப், இரண்டாவது பத்தி, டிடெக்டர் எல்லாவற்றையும் வரையுங்கள். இடையில் போகும் ஒவ்வொரு குழாயின் மேலும் அதன் கொள்ளளவை எழுதுங்கள். 0.17 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் 50 செ.மீ.க்கு சுமார் 11 மைக்ரோ லிட்டர் நிற்கும். 0.12 மி.மீ. குழாயில் அதில் பாதி.

இந்த 11 மைக்ரோ லிட்டர் இரண்டாவது பக்கத்தில் மூன்றில் ஒரு வினாடி, கண்டுகொள்ள வேண்டாம். முதல் பக்கத்தில் அதே குழாய் 13 வினாடி. பத்தியிலிருந்து அழகாகப் பிரிந்து வந்தவை மறுபடி கலக்க அது போதும். ஆகவே முதல் பத்திக்கும் வால்வுக்கும் இடையே மெல்லிய, குட்டையான குழாய்தான் போட வேண்டும்.

அதற்காக எல்லா இடத்திலும் மெல்லிய குழாய் போட்டுவிடாதீர்கள். குழாயில் அழுத்தம் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் ஏறும். 0.17-ஐ 0.12 ஆக்கினால், அதே நீளத்துக்கு, அதே வேகத்துக்கு நான்கு மடங்கு அழுத்தம். 2 மி.லி. ஓடுகிற பக்கத்தில் அது உறைக்கும்.

இரண்டாம் படி: சுற்று நேரத்தை முதல் பத்தி சொல்லட்டும்

முதல் பத்தியைத் தனியாக ஓட்டுங்கள். நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம்: 2.1 மி.மீ. அகலம், 150 மி.மீ. நீளம், நிமிடத்துக்கு 0.05 மி.லி. பீக்கின் அடி அகலம் ஒரு நிமிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது நான்கு சிக்மா (சிக்மா என்பது பீக்கின் பரவலை அளக்கும் திட்டவிலக்கம்). ஆய்வாளர்கள் மர்ஃபி, ஷூர், ஃபோலி மூவரும் 1998-இல் கொடுத்த வரம்பு, எட்டு சிக்மா அகலத்துக்குள் மூன்று முதல் நான்கு வெட்டு. எட்டு சிக்மா இங்கே 120 வினாடி. நான்காக வெட்டினால் சுற்றுக்கு, அதாவது வால்வின் ஒரு திருப்பத்திலிருந்து அடுத்த திருப்பம் வரை, 30 வினாடி.

இதைவிடச் சோம்பலாக வெட்டினால், முதல் பத்தி பிரித்துக் கொடுத்ததை வால்வே மறுபடி கலந்துவிடும். ரொம்ப வேகமாக வெட்டினால் இரண்டாவது பத்திக்கு மூச்சுவிட நேரமிருக்காது. 30 வினாடி, 0.05 மி.லி. ஓட்டம், ஒரு துண்டு 25 மைக்ரோ லிட்டர். இந்த எண்ணைத் தாளில் வட்டம் போட்டு வையுங்கள். இனி எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான்.

மூன்றாம் படி: லூப் ஊருணி மாதிரி நிரம்பாது

25 மைக்ரோ லிட்டர் துண்டுக்கு 25 மைக்ரோ லிட்டர் லூப் போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. செட்டிநாட்டு ஊருணியில் வரத்துக்கால் வழியே வரும் தண்ணீர் அடியிலிருந்து மட்டம் ஏறி, நிறைந்த பிறகுதான் கலிங்கில் வழியும். மெல்லிய குழாய்க்குள் அந்த நியாயம் செல்லாது. அங்கே சுவரோரத் திரவம் ஏறக்குறைய நின்றுவிடும். நடுவில் போவது சராசரியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முந்திக்கொண்டு ஓடும். லூப் பாதி நிரம்பியதாகக் கணக்குச் சொல்லும் நேரத்தில், முன்னோடிகள் மறுமுனைக் கழிவுக் குழாயை எட்டிப் பார்த்துவிடும். மூலக்கூறுகள் பக்கவாட்டில் பரவுவதால் நிலைமை கொஞ்சம் தணியும். ஆனாலும் முழு லூப்பையும் நம்பக் கூடாது.

அறுபது சதவீதத்தைச் சுற்றி நிறுத்துவது என் பழக்கம். 25 மைக்ரோ லிட்டருக்கு 40 மைக்ரோ லிட்டர் லூப். இரண்டு லூப்பும் ஒரே நீளம், ஒரே விட்டம், முடிந்தால் ஒரே பெட்டியில் வந்தவை.

எந்தத் திசையில் காலி செய்வது? நிரப்பிய வாய் வழியாகவே திரும்ப வெளியே தள்ளும்படி இணைத்தால், பாதிக் காலியாக இருக்கும் மிச்ச லூப்பை, பிரிக்க வேண்டிய மாதிரி (sample) சுற்றி வர வேண்டியதில்லை. அறுபது சதவீதத்தோடு வேலை செய்பவர்களுக்கு இந்த எதிர்த்திசைதான் சரி என்பது என் கட்சி. சில வால்வுகளில் இரண்டு லூப்புக்கும் இரண்டு திசை அமைந்துவிடும். ஒன்று முன்னால் தள்ளும், இன்னொன்று பின்னால் இழுக்கும். வால்வ் படத்தைப் பென்சிலால் பின்தொடர்ந்து, இரண்டு நிலையிலும் அம்புக்குறி போட்டுப் பார்க்காமல் ஃபிட்டிங்கை முடுக்காதீர்கள்.

நான்காம் படி: இரண்டாவது பம்பின் 30 வினாடி

இரண்டாவது பத்தி 3.0 மி.மீ. அகலம், 50 மி.மீ. நீளம். உள்ளே திரவம் நிற்கும் இடம் ஏறக்குறைய 210 மைக்ரோ லிட்டர். பம்ப் நிமிடத்துக்கு 2 மி.லி., வினாடிக்கு 33 மைக்ரோ லிட்டர். ஏன் 2.1 மி.மீ. பத்தி எடுக்கவில்லை என்றால், அதன் உள்ளளவு 100 மைக்ரோ லிட்டர்தான். 25 மைக்ரோ லிட்டர் மாதிரி அதில் கால் பங்கை அடைத்துக்கொள்ளும். 3.0-இல் அது எட்டில் ஒரு பங்கு.

கிரேடியன்ட் (பத்தியிலிருந்து சேர்மங்களை இறக்கும் கரைப்பானின் வலுவைப் படிப்படியாகக் கூட்டுவது) 20 வினாடி, பழைய நிலைக்குத் திரும்ப 10 வினாடி என்று பம்பில் போடுகிறீர்கள். பத்திக்கு அந்தப் 10 வினாடி முழுசாகக் கிடைக்காது. மிக்சரிலிருந்து வால்வ் வரை 100 மைக்ரோ லிட்டர் டுவெல் வால்யூம் (வழியில் நிற்கும் திரவம்) இருந்தால் 3 வினாடி தாமதம். ஓட்டப் பாதையிலேயே உட்கார்ந்திருக்கும் 40 மைக்ரோ லிட்டர் லூப் இன்னொரு 1.2 வினாடியைத் தின்னும். வால்வ் திரும்பும் கணத்தில் பத்தி பார்த்திருப்பது 6 வினாடிக் கழுவல்தான். சுமார் 200 மைக்ரோ லிட்டர், ஒரு பத்தி அளவு. முழுச் சமநிலை வராது. பரவாயில்லை, ஒவ்வொரு சுற்றும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் சேர்மம் பத்தியில் தங்கும் நேரம் பிசகாது.

இப்போது 400 மைக்ரோ லிட்டர் டுவெல் உள்ள பழைய பம்பை அங்கே போடுங்கள். தாமதம் 12 வினாடி. நீங்கள் போட்ட 10 வினாடிக் கழுவல் பத்தியை எட்டுமுன்பே அடுத்த மாதிரி வந்து இறங்கிவிடும், அதுவும் கிரேடியன்ட் முடிவில் இருக்கும் வலுவான கரைப்பான் மேல். பத்தி பழுது, மாதிரி பழுது என்று நாங்கள் மூன்று வாரம் தேடியலைந்தது இந்த ஒரு மிக்சரை. முதல் பக்கத்திலும் இதே கதைதான், அங்கே வேகம் குறைவு என்பதால் இன்னும் மோசம். 800 மைக்ரோ லிட்டர் டுவெல் உள்ள பம்ப் 0.05 மி.லி.யில் கிரேடியன்ட்டைப் பதினாறு நிமிடம் தாமதமாகக் கொண்டுவந்து சேர்க்கும்.

ஐந்தாம் படி: கரைப்பான் சண்டை

ஓட்டம் எல்லாம் சரியாக இருந்தும் பீக் இரண்டாக உடைந்து வந்தால், முக்கால்வாசி நேரம் காரணம் இதுதான். முதல் பத்தியிலிருந்து வரும் துண்டு தன் கரைப்பானையும் கூடவே சுமந்துகொண்டு வருகிறது. அது இரண்டாவது பத்திக்கு வலுவான கரைப்பானாக இருந்தால், மாதிரி பத்தியின் தலைப்பில் நிற்காமல் கரைப்பானோடு சறுக்கிக்கொண்டே போகும். முதலில் ஹிலிக் (தண்ணீரோடு நட்புள்ளவற்றைப் பிடிக்கும் பத்தி), அடுத்து ரிவர்ஸ் ஃபேஸ் (எண்ணெய்த்தன்மை உள்ளவற்றைப் பிடிக்கும் பத்தி) என்று வைப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். ஹிலிக்கிலிருந்து வருவதில் எண்பது, தொண்ணூறு சதவீதம் அசிட்டோநைட்ரைல். ரிவர்ஸ் ஃபேஸ் பத்திக்கு அது வெள்ளம்.

வழிகள் மூன்று. மலிவானதிலிருந்து சொல்கிறேன்.

முதலாவது, கொஞ்சமாக அனுப்புவது. முதல் பத்திக்குப் பின் ஒரு டீ (T வடிவ இணைப்பு) வைத்து, ஒரு பங்கை மட்டும் லூப்புக்கு அனுப்பி மற்றதைக் கழிவில் விடலாம். ஆனால் வெறும் குழாய் நீளத்தை நம்பிப் பிரித்தால் விகிதம் நிலைக்காது. தண்ணீரும் மெத்தனாலும் கலக்கும்போது பாகுத்தன்மை நடுவில் மேடாக ஏறும். 25 டிகிரியில் தண்ணீருக்கு 0.89, மெத்தனாலுக்கு 0.54, இரண்டும் ஏறக்குறைய சரிபாதியாக இருக்கும் இடத்தில் 1.6 மில்லிபாஸ்கல் வினாடி. இந்த மாற்றம் இரண்டு கிளையிலும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் நடப்பதில்லை. பிரிவு விகிதமும் கிரேடியன்ட்டோடு சேர்ந்து ஆடும். ஒரு கிளையில் பம்ப் வைத்து, இவ்வளவுதான் எடுப்பேன் என்று அளந்து எடுப்பது நம்பகமானது. இன்னொரு பம்ப் வேண்டும், அதுதான் சங்கடம்.

இரண்டாவது, வழியிலேயே நீர்க்கச் செய்வது. முதல் பத்திக்கும் வால்வுக்கும் நடுவே இன்னொரு பம்பால் 0.15 மி.லி. தண்ணீர் சேர்த்தால் மொத்தம் 0.2 மி.லி., நான்கு மடங்கு நீர்ப்பு. துண்டும் 25-லிருந்து 100 மைக்ரோ லிட்டராக வீங்கிவிடும். லூப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சின்ன டிராப் (trap) பத்திகள் வைத்தால், தண்ணீர் போய் மாதிரி மட்டும் தங்கும். தண்ணீரோடு நட்புள்ள சேர்மங்கள் தங்காமல் நழுவிவிடும் என்பதையும், முதல் பத்தியின் வெளிவாயில் அழுத்தம் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது, ஆக்டிவ் சால்வென்ட் மாடுலேஷன் என்று 2017 வாக்கில் வந்த வால்வ் முறை. லூப்பைக் காலி செய்யும்போது இரண்டாவது பம்பின் ஓட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு பங்கு லூப் வழியாகவும், மீதி பக்கவாட்டுக் குழாய் வழியாகவும் போய்ப் பத்திக்கு முன்னால் சேரும். தொடக்கநிலைக் கரைப்பானில் தண்ணீர் அதிகம், அதனால் துண்டு நீர்த்துப்போகும். லூப்புக்கு ஒரு பங்கு, பக்கவழிக்கு இரண்டு பங்கு என்றால் மூன்று மடங்கு நீர்ப்பு. லூப் காலியாக 1.2 வினாடிக்குப் பதில் 3.6 வினாடி ஆகும். நான்காம் படியில் போட்ட கணக்கில் இந்த வினாடிகளையும் கழித்துக்கொள்ளுங்கள். நீர்ப்பு விகிதத்தைத் தீர்மானிப்பது பக்கவழிக் குழாயின் தடைதான். அந்த நான்காம் அடுக்கு விதி இங்கேயும் வந்து நிற்கும். குழாயில் தூசி படிந்தால் விகிதம் சத்தமில்லாமல் மாறிவிடும்.

வசதி இருந்தால் என் ஓட்டு மூன்றாவதற்கு. வசதியில்லாத இடத்தில் பத்திகளின் வரிசையை மாற்றிப் பாருங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

ஆறாம் படி: வால்வ் திரும்பும்போது விழும் உதை

நிரம்பும் லூப்பில் அழுத்தம் கொஞ்சம்தான். வால்வ் திரும்பியதும் அது 400 பார் (பார் என்பது அழுத்த அலகு) அழுத்தத்துக்குள் போய் விழுகிறது. 400 பாரில் தண்ணீர் ஏறக்குறைய இரண்டு சதவீதம் சுருங்கும், மெத்தனால் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த இடம் நிரம்பும் வரை பத்திக்கு ஓட்டம் ஒரு கணம் தடுமாறும். அதே நொடியில் 400 பாரில் இருந்த இன்னொரு லூப் முதல் பக்கத்துக்குத் திரும்பி, அமுங்கியிருந்ததை விரித்து, முதல் பத்தியைப் பின்னாலிருந்து ஒரு தட்டுத் தட்டும். ஒரு மணி நேர ஓட்டத்தில் இது 120 தடவை.

முதல் பத்திக்கும் வால்வுக்கும் நடுவே யூவி டிடெக்டர் வைத்திருந்தால் உதை முதலில் அதன் செல்லில் (திரவம் ஓடும் சிறு அறை) விழும். செல் எத்தனை பார் தாங்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு வையுங்கள், இல்லையென்றால் நடுவில் ஒரு பிரஷர் ரிலீஃப் போடுங்கள். முதல் பத்தியைத் தனியாகப் பார்க்கும் நாளில் டிடெக்டரை வைத்துவிட்டு, இணைத்து ஓட்டும் நாளில் எடுத்துவிடுவேன். செல்லின் கொள்ளளவும் மிச்சம்.

ஏழாம் படி: பத்தி இல்லாமல் ஒரு ஒத்திகை

இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். இதற்கு ஒரு அரை நாள் கொடுங்கள்.

முதலில் 0.05 மி.லி. உண்மையிலேயே 0.05-தானா? மூடியில் ஊசித்துளை போட்ட சின்னக் குப்பியில் இருபது நிமிடம் தண்ணீர் பிடித்து எடை பாருங்கள். 30 டிகிரியில் 0.996 கிராம் வர வேண்டும். மூடியில்லாத பீக்கரில் பிடித்தால், காரைக்குடி வெயிலில் ஆவியாகிப் போவதையும் பம்பின் குற்றமாக எழுதிவிடுவீர்கள்.

அடுத்து இரண்டு பத்தியையும் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தம் கொடுக்கும் அளவுக்கு நீளமான மெல்லிய குழாய் மாட்டுங்கள். முதல் பம்ப் வழியாகக் காஃபீன் கரைசலைத் தொடர்ச்சியாக விட்டு வால்வை ஓட்டுங்கள். இரண்டாவது டிடெக்டரில் 30 வினாடிக்கு ஒன்றாக ஒரே உயரப் பீக் வரிசை வர வேண்டும். ஒற்றைப்படைப் பீக் ஒரு பரப்பு, இரட்டைப்படைப் பீக் வேறு பரப்பு என்று மாறி மாறி வந்தால், இரண்டு லூப்பும் சமமில்லை அல்லது ஒன்றின் ஃபெரூல் (குழாயைச் சுற்றிப் பிடிக்கும் அடைப்பு வளையம்) சரியாக உட்காரவில்லை. ஒரு கம்பெனி ஃபிட்டிங்கை இன்னொரு கம்பெனி வால்வில் முடுக்கினால் குழாய் முனை அடிவரை போகாமல் பள்ளம் விழும். கசியாது, அதனால் கண்ணில் படாது.

பிறகு சுற்று நேரத்தை 20, 25, 30, 35, 40 வினாடி என்று கூட்டிக்கொண்டே போங்கள். பரப்பு நேர்கோட்டில் ஏறி, ஓரிடத்தில் வளையத் தொடங்கும். அங்கேதான் உங்கள் லூப் வழிய ஆரம்பிக்கிறது. நான் சொன்ன அறுபது சதவீதத்தைவிட உங்கள் கருவி காட்டும் இந்த வளைவை நம்புங்கள்.

ஓட்டம் கெடும்போது எங்கே பார்ப்பது

இரண்டாவது பக்கத்துத் தங்கும் நேரம் எல்லாப் பீக்குக்கும் ஒரே அளவு தள்ளிப்போனால் இரண்டாவது பம்பைப் பாருங்கள். அதன் செக் வால்வில் (ஒருவழி வால்வ்) குமிழியாக இருக்கும். ஓட்டத்தின் பின்பாதியில் மட்டும் பீக் உடைந்தால் அது கரைப்பான் சண்டை, ஏனென்றால் முதல் கிரேடியன்ட் அப்போதுதான் வலுக்கிறது. முந்தின சுற்றின் பீக் அடுத்த சுற்றில் அகலமாகத் தலைகாட்டினால், எதுவோ 30 வினாடிக்குள் பத்தியைவிட்டு இறங்கவில்லை. கிரேடியன்ட் முடிவை வலுவாக்குங்கள். பீக்குகள் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குட்டையானால் ரோட்டர் சீலை (வால்வுக்குள் சுழலும் அடைப்புத் தட்டு) மாற்றும் நேரம் வந்துவிட்டது. நாளுக்கு ஐந்து ஓட்டம் என்றால் 600 திருப்பம், அது தேயத்தானே செய்யும்.

நம் ஊருக்கே உரிய இரண்டு தொல்லைகளும் உண்டு. சித்திரை, வைகாசியில் ஏசி நின்றால் அறைச் சூடு ஏறி, பாகுத்தன்மை இறங்கி, அழுத்தம் தானாகக் குறையும். அதைக் கசிவு என்று நினைத்து ஃபிட்டிங்குகளை முறுக்கித் தொலைக்காதீர்கள். கரண்ட் போனால் இரண்டு பம்பும் வால்வும் ஒரே யூபிஎஸ்-ஸில் இருக்க வேண்டும். பம்ப் உயிரோடும் வால்வ் பிணமாகவும் இருந்தால் லூப் நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும், மென்பொருள் அதை ஓட்டம் என்றே பதிவு செய்யும்.

நிறுத்தும்போது

பஃபர் (உப்பு கலந்த கரைப்பான்) ஓட்டிய நாளில் இரண்டு பக்கமும் முதலில் பத்து சதவீத மெத்தனால் கலந்த தண்ணீர், பிறகு சேமிப்புக் கரைப்பான். தண்ணீர் விடும்போது வால்வைத் திருப்பித் திருப்பி இரண்டு நிலையிலும் பத்துப் பத்து நிமிடம் கழுவுங்கள். முதல் பக்கத்துக்கு அந்தப் பத்து நிமிடம் வெறும் 500 மைக்ரோ லிட்டர்தான், ஆகவே கழுவும் நேரத்தில் மட்டும் முதல் பத்தியைக் கழற்றிவிட்டு ஓட்டத்தை 0.5 மி.லி.க்கு ஏற்றிக்கொள்ளலாம். ஒரே நிலையில் கழுவிவிட்டுப் போனால் வால்வின் துளைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் உப்பு தங்கும். காலையில் முதல் திருப்பத்திலேயே அந்தத் துகள் ரோட்டர் சீலில் கோடு போடும். தம்பி இப்போது இரண்டு நிலையையும் கழுவிய நேரத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் பைக் சாவியை எடுக்கிறான்.